தோமே என்றே எழுதுங்கள்

போன மாதம் ஒரு வாரப் பத்திரிகை, ‘காணாமல் போன நட்சத்திரங்கள்’ என்று நான்கு பக்கம் போட்டிருந்தது. அதில் என் படமும் இருந்தது. வெள்ளை கவுன், தலையில் ரிப்பன், கீழே ‘மினாசே ரூரி, இப்போது எங்கே இருக்கிறாரோ’ என்று ஒரு வரி. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் எங்கும் காணாமல் போகவில்லை. எழுதினவன் டோக்கியோவைத் தாண்டி வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் நடுநிலைப் பள்ளியோடு படிப்பை விட்டவள். ஆனாலும் என் கதையை அவனைவிட நன்றாகவே எழுதுவேன்.

என் பெயர் ஹதகேயாமா தோமே. தோமே என்றால் நிறுத்து என்று அர்த்தம். ஆறாவதும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில் அப்பா வைத்தது. ஹச்சினோஹே துறைமுகத்தில் அவருக்குக் கணவாய் மீன் பிடிக்கும் படகு. அம்மாவும் அக்காக்களும் நானும் கணவாயைக் கிழித்துக் கம்பியில் காயப்போடுவோம். அந்தக் கடற்காற்றில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே காதில் விழாது. நான் பாடினால் படகுத்துறை வரைக்கும் கேட்கும். அதுதான் என் பாட்டு வகுப்பு, வேறு குரு கிடையாது.

பதினைந்து வயதில் செண்டாய் நகரத்தில் நடந்த டெலிவிஷன் பாட்டுப் போட்டிக்குப் போனேன். வந்திருந்த பெண்கள் எல்லாம் பியானோ படித்தவர்கள். என்னிடமிருந்து கணவாய் வாடை வருகிறதென்று ஒருத்தி தள்ளி உட்கார்ந்தாள். ஜெயித்தது நான்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கோப்பையை வாங்கினேன்.

பாடகிகளை வைத்து நடத்தும் டோக்கியோ ஆபீஸ் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது. அங்கே கிரிஷிமா என்று ஒரு மேனேஜர். முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னார்.

“தோமேங்கிற பேரை மறந்துடு. இனிமே நீ மினாசே ரூரி. வயசு பதினாலு. பிடிச்ச சாப்பாடு ஸ்ட்ராபெரி.”

“ஸ்ட்ராபெரி நான் தின்னதே இல்லீங்க. கணவாய்தான் பிடிக்கும்.”

“அதை வெளியில சொன்னே, மறுநாளே ஊருக்கு ரயில் ஏத்திடுவேன்.”

ரிக்கார்டுக் கடை வாசலில் ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று பாடினேன். மழையில், கடை மொட்டைமாடியில், குழந்தைகள் பலூனுக்கு அழும் சத்தத்துக்கு நடுவில் பாடினேன். ஐந்தாவது ரிக்கார்டு விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது. அப்புறம் நான் போகிற ஊரெல்லாம் ஒரு பட்டாளம் வரும். தலையில் துணிப்பட்டை, முதுகில் என் பெயர் தைத்த மேலங்கி. பாட்டில் நான் மூச்செடுக்கிற இடத்தில் எல்லாரும் ஒரே குரலில் “ரூரி” என்று கத்துவார்கள். காய்ச்சலோடு பாடினாலும் நான் சுருதி விட்டதில்லை. இதை யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

இருபது வயதானபோது கிரிஷிமா கூப்பிட்டார்.

“வர்ற மார்ச்சுல நீ விலகுற ரூரி. ‘சாதாரணப் பொண்ணா வாழ ஆசைப்படறேன்’னு மேடையில சொல்லிட்டு அழு. பேப்பர்ல பெருசா வரும்.”

“எனக்கு அப்படி ஒரு ஆசையே இல்லையே.”

“இருக்கணும்னு யாரு சொன்னா? சொன்னா போதும்.”

“தொண்டை நல்லாத்தானே இருக்கு. எதுக்கு நிறுத்தணும்?”

“புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. உன் கவுன் அவளுக்கு அளவெடுத்தாப்பல இருக்கு.”

விடைபெறும் கச்சேரி என்றால் பாடகி அழ வேண்டும், கேட்பவர்களும் அழ வேண்டும், அதுதான் வழக்கம். அரங்கம் முழுக்கக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் மைக்கில் சொன்னேன். “நான் விலகல. என்னை விலக்குறாங்க. நாளைக்கும் பாடுவேன். எங்கேன்னு இன்னும் தெரியல.” அதற்குள் திரையை இறக்கிவிட்டார்கள்.

மினாசே ரூரி என்ற பெயர் ஆபீசின் சொத்து. பாட்டுகளும் அவர்களுடையவை. எந்த அரங்கத்தைக் கேட்டாலும் எனக்கு முன்னால் அவர்களுடைய போன் போயிருக்கும். ஊருக்கு வந்து சேர்ந்தேன். அப்பா தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“டிவியில நீ நல்லா அழுவேன்னு ஊரே உக்காந்து பாத்துச்சு. நீ சண்டை போட்டுட்டு வந்திருக்க.”

“தப்பாப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னா? கத்தியை எடு. கணவாய் குவிஞ்சு கெடக்கு.”

கென்சோ என்ற படகு முதலாளிதான் எங்கள் துறைமுகத் திருவிழாவுக்குத் தலைவர். மீன் சந்தையில் போடும் திருவிழா மேடையில் அரை மணி நேரம் எனக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு, மலைப்பக்கம் வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் கினு அம்மாளையும் வரச்சொன்னார். அந்தக் காலத்தில் பெரிய விடுதிகளில் எல்லாம் மேடை உண்டு, பாடுகிறவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. கினு அம்மாள் ஒருத்தியை எடுத்துக்கொண்டால் வடக்கே மற்ற விடுதிக்காரர்களும் கூப்பிடுவார்கள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுப் போனால் நான் சாகும்வரை கணவாய்க் கம்பியோடுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரயிலேறி வந்து சேர்ந்த கிரிஷிமாவுக்கும் தெரியும்.

“மினாசே ரூரின்னு ஒரு துண்டுச் சீட்டுல இருந்தாலும் கேஸ் போடுவோம்” என்றார் கிரிஷிமா.

கென்சோ போஸ்டரைக் காட்டினார். “படிக்கத் தெரியும்ல? ஹதகேயாமா தோமே. தொட்டில்ல கெடந்தப்பவே இவளை எனக்குத் தெரியும். உம்ம அனுமதி எதுக்கு?”

“எங்க பாட்டு ஒண்ணையும் பாடக்கூடாது.”

“வலை இழுக்கும்போது நாங்க பாடற பாட்டு இருக்கு. அதுவும் உம்ம ஆபீசோடதா?”



கவுன் இல்லை. நிறைய மீனோடு திரும்பும் படகில் கட்டுகிற வண்ணக் கொடி ஒன்றை அம்மாவும் நானும் வெட்டித் தைத்தோம். முன்பக்கம் சிவப்புச் சூரியன், முதுகில் பெரிய மீனின் வால். மீன் டப்பா ஆலை ஆட்கள் மத்தளமும் அக்கார்டியனும் வாசித்தார்கள். எங்கள் ஊர் வலைப்பாட்டை டோக்கியோவில் கற்ற ஆட்டத்தோடு எடுத்தேன். ஜனங்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள். பிறகு தாளம் போட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் அன்பைக் காட்டினார்கள். பாடகி ஆடும்போது வண்ணக் காகிதச் சுருளை எறிவதை டிவியில் பார்த்திருக்கிறார்கள். ஊரில் கிடைத்த சுருள்களையெல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். டோக்கியோ பையன்கள் நடுவில் இருக்கும் அட்டைக் குழலை உருவிவிட்டுத்தான் எறிவார்கள் என்பது டிவியில் தெரியாதே. நங்கூரக் கயிறு வீசிப் பழகிய கைகள் சுருளை அட்டையோடு எறிந்தன. ஒன்று என் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. மத்தளம் நின்றுவிட்டது.

கிரிஷிமா கைக்குட்டையோடு மேடைக்கு ஓடிவந்து காதில் சொன்னார். “போதும் ரூரி. அப்படியே மயங்கி விழு. தூக்கிட்டுப் போயிடறோம். மானத்தோட முடிஞ்சுடும்.”

கைக்குட்டையை வாங்கினேன். நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மைக்கில் கேட்டேன். “எறிஞ்சது யாரு?”

அப்பா படகில் சமையல் செய்யும் தொரகிச்சி கையைத் தூக்கினார். அப்பா வயதுதான் அவருக்கும். “நான்தான் பாப்பா. டிவியில எறியறாங்களே.”

“நல்ல கை மாமா. நடுவுல இருக்கிற அட்டையை உருவிட்டு எறியணும். எல்லாரும் உருவுங்க. நான் நிக்கிறேன்.”

“உருவுனா பறக்காதே” என்றான் ஒருவன்.

“ஒரு முனையைக் கையில பிடிச்சுக்கிட்டு வீசு. வலை வீசற ஊரு, இதையும் நானே சொல்லித்தரணுமா?”

சிரிப்பு கிளம்பியது. மீன் சந்தை முழுக்கத் தரையில் உட்கார்ந்து பல்லாலும் விரலாலும் அட்டையை உருவியது. “அந்த டோக்கியோ ஆளை முதல்ல கீழ எறக்குங்கப்பா, மறைக்குது” என்று ஒரு மீன்காரி கத்தினாள். அவர் தானே இறங்கிப் போனார். நான் மத்தளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். முதல் வரியிலிருந்து எடுத்தேன். நான் மூச்செடுத்த இடத்தில் துறைமுகமே “தோமே” என்று கத்தியது. மூன்று தடவை அதே பாட்டைப் பாடவைத்தார்கள். காகிதத்தில் என் முழங்கால் மறைந்துபோனது.

கினு அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்தார். மீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என் முகவாயைத் தூக்கிக் காயத்தைப் பார்த்தார்.

“தையல் போட்டுக்க. சனிக்கிழமை வந்துடு. வாசல் பலகையில என்ன பேரு எழுதட்டும்?”

“ஹதகேயாமா தோமே.”

“கிழவி பேரு மாதிரி இருக்கேம்மா. வேற ஏதாவது அழகா வெச்சுக்கலாமே.”

“ஒருநாள் கிழவி ஆவேன்ல. அப்பவும் உங்க மேடையிலதான் நிப்பேன். பலகையை மாத்தற செலவு உங்களுக்கு மிச்சம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

இப்போது விடுதியை அவருடைய மகள் நடத்துகிறாள். பலகை மழையில் வெளுக்கும்போதெல்லாம் அதே எழுத்தின்மேல் புதுச் சாயம் பூசுகிறார்கள். சனிக்கிழமைதோறும் பாடுகிறேன். புருவத் தழும்புக்கு மேக்கப் போடுவதில்லை.