டீ பிரேக்கில் ஜெர்மனி

ஃபேக்டரியில் எங்கள் லைன் முகப்பில் ஒரு போர்டு உண்டு. ஒவ்வொருவர் போட்டோவுக்கும் எதிரே வரிசையாக வட்டங்கள். ஒரு வேலையைப் பழக ஆரம்பித்தால் வட்டத்தில் கால்வாசிக்குக் கறுப்படிப்பார்கள். அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினால் முழுக் கறுப்பு. என் வரிசையில் எல்லாமே முழுக் கறுப்பு. அப்போது லைன் லீடர் இடம் காலியாகக் கிடந்தது. அது எனக்குத்தான் வேண்டும் என்று வெறியோடு இருந்தேன்.

புது மெஷினை ஓட்டிக்காட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு இன்ஜினியர் எங்கள் ஒரகடம் ஃபேக்டரிக்கு வந்தார். போர்டைப் பார்த்தவர் நேராக என்னிடம் வந்து கை குலுக்கி, "லீடர்?" என்றார். லைனே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "நோ சார், ஒன்லி பிளஸ் டூ. ஃபார் லீடர், டிப்ளமோ மஸ்ட்."

மனுஷர் புரியாமல் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விடுவேனா நான்? டீ பிரேக்கில் சூப்பர்வைசரை நடுவில் உட்காரவைத்து, "அவுங்க ஊர்ல படிப்பெல்லாம் எப்டின்னு கேளுங்க சார்" என்று பிடித்துக்கொண்டேன்.

அங்கே பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களாம். காலேஜுக்குப் போகிற பள்ளி வேறு, தொழிலுக்குப் போகிற பள்ளி வேறு. இவருடைய அப்பா லாரி டிரைவர். இவரைத் தொழில் பக்கம் தள்ளினார்களாம். டாக்டர் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இவரோடு வரவில்லையாம்.

"பத்து வயசுலயேவா? அடக் கொடுமையே! நாங்கல்லாம் பன்னண்டாவது வரைக்கும் ஒண்ணாதான் படிச்சிக்கினு இருந்தோம்."

"உன் கிளாஸ்ல டாக்டர் புள்ள யாராச்சும் இருந்துச்சான்னு கேக்கறாரும்மா."

எங்கள் அரசுப் பள்ளியில் டாக்டர் பிள்ளையா? எங்கள் ஊர் படப்பையில் டாக்டர் வீட்டு வாசலில் காலையில் வந்து நிற்கும் பிரைவேட் ஸ்கூல் மஞ்சள் வேன்தான் நினைவுக்கு வந்தது. பேச்சை மாற்றினேன்.

"அப்பறம் இவரு மட்டும் எப்டி சார் இன்ஜினியர் ஆனாரு?"

தொழில் பழகி ஒரு பரீட்சை எழுதினாராம்; அதை வைத்து மேலே மேலே படித்தாராம். ஒழுங்காகப் பள்ளி முடிக்காதவர்கூட, பல வருஷம் அந்த வேலையைப் பார்த்திருந்தால் அந்தப் பரீட்சைக்கு உட்காரலாமாம்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "சார், அந்த மாரி எனக்கும் ஒரு பரீட்சை வைக்கச் சொல்லுங்க சார். ஃபெயிலானா வாய மூடிக்கினு லைன்லயே நிக்கிறேன்."

சூப்பர்வைசர் இதை அவருக்குச் சொல்லவில்லை. டீ கப்பைக் கீழே வைத்தார்.

"அப்படி ஒரு பரீட்சையே இங்க இல்லம்மா."

ஃபெயிலாகிப் போவதற்குக்கூட எனக்கு இங்கே வழியில்லை.