உப்புப் போடாத மழைத்தண்ணீர்

கிளமென்ட் மாமா பதினோரு வருஷம் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தவர். பூமிக்குள் செலுத்தும் தண்ணீரில் மூட்டை மூட்டையாக வெள்ளை உப்பைக் கொட்டுவார். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. கொட்டு என்றார்கள், கொட்டினார்.

புன்னக்காயலுக்குத் திரும்பியதும் தெருவுக்குப் பொதுவான போர்க் கிணற்றை அவர் பொறுப்பில் விட்டார்கள். கிணற்று வேலை பார்த்தவராயிற்றே. அந்தத் தண்ணீர் கரிக்கும், குடிக்க ஆகாது. ஆனால் இருபத்தாறு வீட்டுக்கும் துவைக்க, குளிக்க அதுதான்.

போன நவம்பர் மழையில் மாமா தன் மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்து நேரே போருக்குள் இறக்கினார். நல்ல தண்ணீர் போனால் உப்பு குறையும் என்றார். குறைந்தது. பத்து நாள் சோப்பு நன்றாக நுரைத்தது. எதிர்வீட்டு இஞ்ஞாசியம்மாள், "எய்யா கிளமென்டு, நீ நல்லா இருக்கணும்" என்றார்.

பதினோராம் நாள் கலங்கலாக வந்தது. பிறகு மூன்றே குடம். பிறகு மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. மாமா மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார், பழுதில்லை. கயிறு விட்டுப் பார்த்தால் போருக்குள் தண்ணீர் நின்றது. இறைத்தால் தீர்ந்தது, மறுபடி ஊறவில்லை. மழை பெய்து போர் வற்றுமா? எனக்கும் விளங்கவில்லை.

கூட வேலை பார்த்த மேலப்பாளையம் அசன் முகம்மதுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"உப்புப் போட்டியா வே?"

"குளிக்கிற தண்ணிக்கு எவனாவது உப்புப் போடுவானா?"

"அடியில மணலுக்குள்ள களிமண் இருக்கும் வே. உப்புத் தண்ணில அது அடங்கிக் கெடக்கும். நல்ல தண்ணி பட்டா ஊதும், தூளாப் பிரிஞ்சு தண்ணி வாற வழியை அடைச்சிரும். அதுக்குத்தான அங்கன உப்பு போட்டோம்."

"பதினோரு வருஷம் போட்டேனே, ஒருத்தன் சொல்லலியே!"

"நீ கேட்டியா?"

மாமா, "இனி திறக்குமா?" என்றார்.

"உப்பைக் கரைச்சு ஊத்து, கொஞ்சம் திறக்கும். முழுசா திறக்காது."

பழையகாயல் உப்பளத்திலிருந்து மூன்று மூட்டை வந்தது. கரைத்து ஊற்றும்போது தெருவே கூடிவிட்டது.

"உப்பா இருக்குன்னு அழுதோம். அதுல உப்பைக் கொட்டுதியே, வெயில் தலைக்கு ஏறிட்டா?" என்றார் இஞ்ஞாசியம்மாள்.

"உள்ள களிமண் இருக்கும்மா. அது அடங்கணும்."

"களிமண் எங்கன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

இரண்டு நாள் விட்டு மோட்டாரைப் போட்டார். முதலில் வெறும் உப்புக் கரைசல், பிறகு சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். இஞ்ஞாசியம்மாள் நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "பழைய உப்புத்தான்!"

மாமா சிரித்துவிட்டார். ஒன்பதாவது குடத்தோடு மறுபடி காற்று வந்தது.

இப்போது ஒரு நாளைக்கு ஒன்பது வீடு, முறை வைத்துப் பிடிக்கிறோம். மாடியிலிருந்து இறக்கிய குழாயை மாமாவே கழற்றிவிட்டார். நேற்று மழை. மாடித் தண்ணீர் தெருவில் ஓடிக் கடலுக்குப் போனது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல தண்ணிதான? அது என்ன தப்புப் பண்ணிச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

அசன் முகம்மது சொன்னதைத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு மறுபடியும் அதையே கேட்டார்.