தலைகீழாய் நின்ற ஒன்பதாம் கேள்வி

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அண்ணன் கட்டிக்கொண்டு வந்த அண்ணியைச் சேர்த்தால் எனக்கு இரண்டாமிடம், அதனால் சேர்ப்பதில்லை.

அண்ணி வணிக நெறி ஆய்வாளர். முதலில் ஒரு சோப்பு கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். சோப்பு சீக்கிரம் கரைகிறது என்று ஒருவர் எழுத, "ஆமாம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று பதில் போட்டார். வேலை போயிற்று. வியாபாரத்தில் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவர், டாக்டர் பட்டத்தில்தான் வந்து நின்றார்.

"எங்க வீட்டு டாக்டருக்கு ஊசி போடத் தெரியாது, ஆனா நல்லா குத்துவா" என்பார், பஸ் ஓட்டும் என் அண்ணன்.

அண்ணிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே கட்டுரை. நெறி வகுப்புக்குப் போன மேலாளர்கள் குறைவாகப் பொய் சொல்கிறார்கள் என்றது அது. அதை நம்பிக் கம்பெனி கம்பெனியாக வகுப்புகள். பாதியை அண்ணியே எடுத்தார். பிறகு விண்ணப்பித்த பேராசிரியர் பதவிக்கும் அந்தக் கட்டுரைதான் முதுகெலும்பு.

நேர்காணலன்று காலை, வரைபடம் போட்டுக் கொடுக்க, அந்தக் கட்டுரைக்காக மேலாளர்கள் நிரப்பிய பழைய படிவங்களைப் பிரித்தேன். எல்லாக் கேள்விக்கும் ஐந்து மதிப்பெண் என்றால் நல்லவர். ஒன்பதாவது மட்டும், "வாடிக்கையாளரிடம் எத்தனை முறை உண்மையை மறைத்தீர்கள்?" அதில் ஐந்து வாங்கியவர் பலே ஆள். பொய்யைப் பற்றிய ஒரே கேள்வி அதுதான். அண்ணி அந்த ஐந்தையும் நல்லவர் பக்கம் சேர்த்திருந்தார்.

"அண்ணி... ஒன்பதாவது தலைகீழா நிக்குது."

படிவத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். திட்டு விழும் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன். அண்ணியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் தம்பி, வகுப்புக்கு வந்தவன்தான் அதிகமாப் புளுகியிருக்கான்! பதினொரு வருஷமாத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தி, புளுகனுங்களை வளர்த்திருக்கேன்டா!"

"உனக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறக்காதே. நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார் அண்ணன்.

"அந்த அஞ்சு மார்க் ஆளுங்களும் இப்படித்தாங்க நினைச்சிருப்பாங்க."

நேர்காணல் அறைக் கதவருகே காதை வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணி முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்துவிட்டார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" தேர்வுக் குழுத் தலைவரின் குரல்.

"என் கொழுந்தனுக்குத் தெரியும் சார்."

"அப்ப பேசாம இருந்திருக்கலாமேம்மா?"

"நீங்க தேடுறது வணிக நெறிப் பேராசிரியரைத்தானே சார்?"

உள்ளே யாரோ களுக்கென்று சிரிக்க, அறையே சேர்ந்துகொண்டது. ஒரு பெண் குரல் கேட்டது: "சரி, வகுப்புக்குப் போனா ஏன் அதிகமாப் பொய் சொல்றாங்க?"

"'அதான் வகுப்புக்கே போயிட்டோமே'ன்னு ஒரு தெம்பு வந்துடுது போல. இனிமேதான் கண்டுபிடிக்கணும். எனக்கு இப்பவே கை துறுதுறுங்குது!"

அரைமணி நேர்காணல் இரண்டு மணி நேரம் ஓடியது.

நான்காம் நாள் கடிதம் வந்தது: பதவி உண்டு, முதல் வேலை, திருத்தத்தை வெளியிடுவது. அண்ணன் எங்கள் தெருமுனையில் பஸ்ஸை நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடித்தார். பயணிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

திருத்தத்தின் கடைசி வரியில், பிழையைக் கண்டவர் என்று என் பெயர், பட்டத்தோடு. அச்சில் என் பெயர் ஏறியது அதுவே முதல்முறை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு அண்ணிக்காகச் சங்கடப்பட்டால், அவரே உள்ளிருந்து ஓடி வருவார்.

"ஆமா, பெரிய தப்பு! உட்காருங்க, முதல்லேருந்து சொல்றேன்."