ஓவனுக்குள் சிலிண்டர் ஹெட்

அந்த ஞாயிற்றுக்கிழமை லோசானில் இருந்து அக்கா குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. கோழிக்கு மசாலா தடவி ஊறவைத்துவிட்டு ஓவனைத் திறந்தேன். உள்ளே, நான் கேக் சுடுகிற தட்டின் மேல், ஒரு பெரிய அலுமினியக் கட்டி இருந்தது.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"சிலிண்டர் ஹெட்," என்றார் கணவர். "எஞ்சின்ர மேல்மூடி. தொடாதையும், சுடும்."

அவர் லிஃப்ட் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்ற சுவிஸ்காரர் ஒருவர், இளவயதில் தன் வீட்டு வைக்கோல் கொட்டிலில் ஒரு பந்தயக் கார் கட்டியிருந்தார். சின்ன ஆங்கிலேயக் காரின் கூடு. அதற்குள் அமெரிக்கக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் எஞ்சின். பின்சக்கரங்களின் அச்சு அந்தக் கூட்டுக்கு அகலமாக இருந்ததால் அதை வெட்டிக் குறுக்கி ஒட்டியதும் அவர்தான். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கால் மைல் நேர்ப்பாதையை யார் முதலில் கடப்பது என்று ஓடுகிற பந்தயம் அது. மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். எழுபது தாண்டிய மனுசனுக்கு அதில் இன்னொரு தடவை ஓடவேண்டுமாம். உதவிக்குக் கை தூக்கியவர் என் கணவர். அன்றிலிருந்து எங்கள் நிலவறை, பால்கனி எல்லாம் இரும்பு. குளியல் தொட்டிக்குள் கார்புரேட்டர் ஊறும்.

"வால்வு ஓடுற குழல் புதுசா இறக்கவேணும்," என்று அவர் விளக்கினார். "ஹெட்டைச் சூடாக்கினா ஓட்டை விரியும். குழலைக் குளிராக்கினா அது சுருங்கும். லேசா இறங்கிப் போயிடும்."

ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். மீன் பைகளுக்கு மேலே வெண்கலக் குழல்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"அந்தாளின்ர வீட்டில ஓவன் இல்லையோ?"

"இருக்கு. அவரின்ர மனுசி விடமாட்டாவாம்."

"அப்ப அவ புத்தியுள்ள மனுசி."

மேலே கதைப்பதற்குள் அந்தக் கிழவரே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சடை போலப் பின்னிச் சுட்ட பாண். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படிப்பட்ட ஆளை எப்படி ஏசுவது? என் கோபத்துக்கு என் ஜெர்மனும் போதாது. கோழியை வெட்டிச் சட்டியில் கறியாக்கினேன்.

ஹெட்டை என் சாப்பாட்டு மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினார்கள். முதல் குழல்கள் சொன்னது போலவே வழுக்கி இறங்கின. ஒன்று மட்டும் பாதியில் இறுகிவிட்டது. கணவர் சுத்தியலை எடுத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை. இங்க சத்தம் போடக்கூடாது. அடியாதேங்கோ," என்றேன்.

"ரெண்டே ரெண்டு அடி."

நாலாவது அடியில் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண். இன்று என்ன கிழமை என்று தெரியுமா என்று அமைதியாகக் கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க, அவளுக்குப் பின்னால் லிஃப்ட் திறந்து அக்கா குடும்பம் இறங்கியது. வீடெல்லாம் சுட்ட எஞ்சின் எண்ணெய் மணம்.

"என்னடி, கோழி கருகிப் போச்சோ?"

"ஓம்," என்றேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

இறுகிய குழலைக் கழற்றி, ஹெட்டை மறுபடி ஓவனுக்குள் வைத்தார்கள். அது சூடாகும்வரை எல்லோரும் சாப்பிட்டோம். உறைப்பில் வியர்த்து ஒழுகினாலும் கிழவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

கோடையில் ஒரு பழைய விமான ஓடுபாதையில் பந்தயம். இத்தனை மாதம் எதற்காக அவதிப்பட்டேன் என்று பார்க்கத்தான் போனேன். கிழவர் ஹெல்மெட்டோடு உள்ளே ஏறினார். பச்சை விளக்கு விழுந்தது. காரின் மூக்கு மேலே எழும்ப, அந்தச் சத்தம் என் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. எங்கள் அடுக்குமாடியின் நீளம் அளவு ஓடியிருக்கும். 'டங்' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. பக்கத்துக் கார் அதன் பாட்டில் போய்விட்டது.

கணவரோடு நானும் ஓடினேன். அவர் காருக்கடியில் தலையை நுழைத்தார்.

"ஹெட்டோ?" என்று கேட்டேன்.

"இல்லை. பின் அச்சு முறிஞ்சு போச்சு. அவர் முந்தி ஒட்டின இடம்."

என் ஓவனில் சூடான ஹெட் தப்பிவிட்டது என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த கணமே, இதற்கெல்லாம் சந்தோசப்படுகிற ஆளாகிவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கிழவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, "சத்தத்தைக் கேட்டீர்களா?" என்றார்.

"ஓம், கேட்டனான்," என்றேன் தமிழில். அவர் தலையாட்டினார்.

அவர் உள்ளே இருந்து ஸ்டீயரிங்கை வளைக்க, நாங்கள் இருவரும் முன்னால் நின்று காரைப் புறப்பட்ட இடத்துக்கே தள்ளினோம். அடுத்த வருசத்துக்கு எந்த அச்சு போடலாம் என்று கணவர் அப்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார். கார் அதிக தூரம் போயிருக்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.