குதிரைச் சிப்பாயைப் பெங்களூருக்கு அனுப்பிய கதை

அறுபதுகளின் கடைசியில் டார்ம்ஸ்டாட்டில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். இரும்பு ஏன் விரிசல் விடுகிறது என்பது என் ஆராய்ச்சி. குடியிருந்தது ஒரு மாடி அறையில். கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தபால் நிலையத்தில் வேலை. நான் வாரத்தில் இரண்டு நாள் குளிக்கலாம், கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தக் கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் அவரைப் போல் நல்ல மனுஷி கிடையாது.

ஒருநாள் மாலை என்னைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தார். மேஜைமேல் தபால் அட்டை அளவில் ஒரு பழைய புகைப்படம். ஒரு சிப்பாய் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தலையில் தட்டையான தொப்பி. பின்னால் வளைவு வளைவாக நீண்ட கட்டடம், ஓரத்தில் கிளை பரப்பிய மரம். படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இவன் பிரிட்டிஷ் குதிரைப்படைக்காரன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்த ரெஜிமென்ட், எந்த ஊரில் எடுத்த படம் என்று சொல்ல முடியுமா? நீங்கள் அவர்களோடு இருநூறு வருஷம் இருந்தவர்கள் அல்லவா?" என்றார்.

நான் இருந்தது நாலு வருஷம். சுதந்திரம் வந்தபோது எனக்கு அவ்வளவுதான் வயது. குதிரையை நான் அருகில் பார்த்ததெல்லாம் ஜட்கா வண்டிக்குள் உட்கார்ந்து, பின்பக்கத்திலிருந்து. இதைச் சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கலாம். ஆனால் நம் ஊரில் ஒருவரிடம் வழி கேட்டுப் பாருங்கள், தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார். கை எங்கேயாவது ஒரு திசையைக் காட்டிவிடும். நானும் படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்து, "இரண்டு நாள் டைம் கொடுங்கள்" என்றேன்.

அந்த வாரம் என் நண்பன் சாப்பிட வந்தான். சென்னைக்காரன், பக்கத்துப் பிராங்பேர்ட்டில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட நாட்களில் கோடை விடுமுறைக்கெல்லாம் பெங்களூரில் சித்தப்பா வீட்டுக்குப் போனவன். அந்தப் பெங்களூரை அவனிடமிருந்து யாராலும் பிரிக்க முடியாது. பிராங்பேர்ட்டில் மழை பெய்தால் பெங்களூர் மழை மாதிரி என்பான். வெயிலடித்தால் பெங்களூர் வெயில் மாதிரி என்பான். படத்தைக் காட்டியதும் சாம்பார்க் கையோடு எழுந்துவிட்டான்.

"டேய், இது பெங்களூர்தாண்டா! கண்டோன்மென்ட். இதே பில்டிங் சித்தப்பா வீட்டுக்கு எதிர்ல இருக்கு. அந்த செங்கல் சிவப்பப் பாரு."

"பிளாக் அண்ட் ஒயிட் போட்டோடா இது."

"அதுல என்ன? சிவப்புன்னு தெரியுதில்ல? மரத்தப் பாரு, தூங்குமூஞ்சி மரம். வேற எங்க இருக்கு?"

பார்க்கப் பார்க்க எனக்கும் அது தூங்குமூஞ்சி மரமாகவே தெரிந்தது. இரண்டாவது தட்டு சாதம் முடிவதற்குள் அந்த மரத்தடியில் நானே ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன் என்றுகூடத் தோன்றிவிட்டது. ஊரை விட்டு மூன்று வருஷமானவர்களிடம் ஒரு மரத்தைக் காட்டக் கூடாது.

சனிக்கிழமை இருவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே இறங்கினோம். நண்பன் ஒரு தாளில் பெங்களூர் கண்டோன்மென்டின் வரைபடமே போட்டுவைத்திருந்தான். சிப்பாய் நின்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ரெஜிமென்ட் எது என்பதை மட்டும் இருவரும் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டோம்.

"இந்தியாவா?" என்றார் அம்மாள்.

"ஆமாம்."

"ஜெர்மனியாக இருக்க வழியே இல்லையா?"

"சான்ஸே இல்லை. இந்த மரம் இங்கே பிழைக்காது" என்று நண்பன் சிரித்தான்.

அவர் வரைபடத்தை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். காபிக்காகக் காத்திருந்தோம். காபி வரவில்லை.

திங்கட்கிழமை மாடிப்படியில் அவரைப் பார்த்தபோது, அந்தச் சிப்பாய் யார் என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"சனிக்கிழமை வரைக்கும் என் அப்பா" என்றார்.

அங்கேயே படியில் நின்றபடி சொன்னார். முதல் யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் படை கொலோன் நகரத்துக்கு வந்து தங்கியது. அதில் ஒரு குதிரைச் சிப்பாயை அவருடைய அம்மா நேசித்தாள். மகள் பிறப்பதற்குள் அவன் படையோடு போய்விட்டான். விட்டுப் போனது ஒரு முதற்பெயரும் இந்தப் படமும்தான். தன் முன்னாலேயே, கொலோனில் படைக் கொட்டடி முற்றத்தில் எடுத்த படம் என்று அம்மா கடைசி வரைக்கும் சொன்னாளாம். பெரியம்மாதான் சிரிப்பாளாம்: யாரோ ஒரு சிப்பாயின் படத்தை எங்கோ வாங்கி வைத்துக்கொண்டு உனக்கு அப்பனைக் காட்டுகிறாள் என்று. இத்தனை வருஷமாக இந்த இரண்டில் எது உண்மை என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் அவருக்காக இனிப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் விஷயத்தை மறைத்துக் கேட்டிருக்கிறார். "பரவாயில்லை. தெரிந்துகொண்டது நல்லதுதான்" என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினார்.

எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் அப்பாவைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறோம். நண்பனிடம் சொன்னேன். அவன், "தூங்குமூஞ்சி மரம்தான்னு இப்ப நான் சத்தியம் பண்ணமாட்டேன்" என்றான். அவன் வாழ்க்கையில் பெங்களூரை விட்டுக்கொடுத்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

மறுநாள் படத்தைத் திரும்பக் கேட்டேன். அம்மாள் காரணம் கேட்காமல் கொடுத்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலோகத்தைப் பெரிதாக்கிப் படமெடுக்கும் நுண்ணோக்கி இருந்தது. விரிசல் தேடுகிற அந்தக் கருவிக்கடியில் சிப்பாயைப் படுக்கவைத்தேன். தொப்பிச் சின்னம், சட்டைக் கை, குதிரையின் சேணம், பின்சுவர் என்று துண்டு துண்டாக எடுத்துப் பிரதி போட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, இங்கிலாந்தில் பழைய படைச் சின்னங்களைப் பாதுகாக்கிற ஒரு காட்சிசாலைக்கு அனுப்பினேன். கூடவே, இது பெங்களூராக இருக்கலாமா என்றும் மரியாதையாகக் கேட்டு எழுதினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் குதிரைப்படையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிழவர். தொப்பிச் சின்னத்தைப் பார்த்ததுமே ரெஜிமென்டைச் சொல்லிவிட்டார். அதன் எண்ணை இங்கே எழுதமாட்டேன், அது அந்த அம்மாளின் குடும்பச் சொத்து. வலது மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் சின்னக் கோடுகள், யுத்தத்தில் கடல் கடந்து வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று. ஐந்து இருப்பதால் யுத்தம் முடிந்த சமயத்துப் படம் என்றார். கடைசியில் எங்களுக்கென்று தனியாக ஒரு பத்தி. வெயிலுக்குப் போடும் பெரிய தொப்பி இல்லாமல் எந்தப் பிரிட்டிஷ் சிப்பாயையும் இந்தியாவில் பகலில் வெளியே விடமாட்டார்கள், அப்படி நின்றால் தண்டனை, இந்தியர்களான நீங்கள் இதைக் கவனிக்காதது வியப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். எந்த ஊர் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அந்த ரெஜிமென்ட் அந்த வருஷங்களில் கொலோன் இருக்கிற ரைன் நதிக்கரையிலும் இருந்தது, இங்கிலாந்திலும் இருந்தது.

சனிக்கிழமை நண்பனோடு மறுபடியும் கீழே இறங்கினேன். இந்த முறை வரைபடம் இல்லை. பெரிதாக்கிய பிரதிகளை மேஜைமேல் பரப்பினேன். இந்தியா இல்லை, அது எங்கள் தப்பு, மன்னியுங்கள் என்றேன். ஆனால் ஜெர்மனி என்று நிச்சயமாகச் சொல்லவும் எங்களிடம் எதுவும் இல்லை என்றேன். அவர் ஒவ்வொரு பிரதியாக எடுத்துப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

சுவர்ப் படத்துக்கு வந்தபோது, "இது என்ன?" என்றார்.

"கதவுக்கு மேலே இரும்புக் கம்பி வேலைப்பாடு. பூ டிசைன்" என்றேன். அதையே ஒரு மணி நேரம் நுண்ணோக்கியில் பார்த்தவன் நான்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிரதியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் வாசிப்பதைப் போல, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார். அது பூ இல்லை. பழைய ஜெர்மன் அச்செழுத்து. அவர் சின்ன வயதில் படித்தது அந்த எழுத்தில்தான். குதிரைக்கு லாடம் கட்டும் இடம் என்று போட்டிருந்தது. அடுத்த வரியில் ஊர்ப்பெயர் இருந்தது. கொலோன்.

அவர் அழுதார். சத்தமில்லாமல், கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

பிறகு சட்டென்று எழுந்து கோட்டை மாட்டினார். அந்தப் பிரதியைக் கைப்பையில் வைத்தார்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்றேன்.

"கல்லறைத் தோட்டத்துக்கு, பூட்டுவதற்குள் போக வேண்டும். நீங்கள் பெங்களூர் என்று சொன்ன மறுநாள் அம்மாவிடம் போனேன். நாற்பது வருஷமாகப் பொய் சொன்னாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். பூகூட வைக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை."

நண்பன் எழுந்து, "நாங்களும் கூட வரட்டுமா?" என்றான்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். "யார் பேச்சைக் கேட்டு அப்படித் திட்டினேன் என்பதையும் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று நான் மட்டும் போய்ச் சமாதானம் செய்கிறேன். நீங்கள் அடுத்த வாரம் வாருங்கள்."