செக்கர் வீட்டு வாசிப்புப் பரிசோதனை

என் அக்காவின் கணவர் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். யாரையும் நம்பாமல் இருப்பதற்கு அவருக்குச் சம்பளமே தருகிறார்கள். பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பார். யார் எச்சில் விழுங்குகிறார்களோ, அவர்தான் ஆள். இந்த வித்தை வேலைக்குச் சரி. அத்தான் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். பால் தண்ணியாக இருந்தால்கூட அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பார்.

இந்த லீவில் மாட்டியது அவர் மகள் குட்டி. மூன்றாம் வகுப்பு. பள்ளி திறந்ததும் டீச்சர் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வாராம். தடுமாறினால் மறுபடியும் அதே வகுப்பு. "நானே பாத்துக்கறேன்" என்றார் அத்தான். நிஜமாகவே பார்த்துக்கொண்டார். டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், எதிரே நாற்காலி போட்டு அவள் முகத்தையே பார்ப்பார். குட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் அழுதுவிடுவாள்.

லீவுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்த நான், பகலில் துணி மடிக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வேன். சோப்பு உறை, பழைய பேப்பர், எது கையில் கிடைக்கிறதோ அது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். கடகடவென்று வாசிப்பாள். அதை அத்தானிடம் சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

"உங்கிட்ட வாசிக்கிறவ எங்கிட்ட ஏன் வாசிக்கல? நீ சொல்லிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருப்ப."

"எனக்கு எதுக்கு அத்தான் அந்த வேலை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு புதுக் கதைப் புத்தகம் வாங்கி, சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். குளிக்கப் போகும்போது அதைக் குட்டி கையில் கொடுத்து, "சத்தமா வாசி. உள்ள கேக்கும்" என்றார்.

கதவு சாத்தியதும் குட்டி ஆரம்பித்தாள். தங்குதடையில்லாமல் போனது. சட்டென்று கதவு திறந்தது. தலை நிறைய சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்த அத்தான் முதலில் பார்த்தது குட்டியை அல்ல, என் வாயை! நான்தான் குழந்தைக் குரலில் வாசிக்கிறேன் என்று சந்தேகப்பட்டிருக்கிறார் மனிதர். அவரைக் கண்டதும் குட்டி நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"நீங்க பாத்தா எழுத்தெல்லாம் மறந்துபோகுதுப்பா. ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரியே இருக்கு."

இப்போது எச்சில் விழுங்கியது அத்தான். எனக்குக் கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "வாசிம்மா" என்றார். குட்டி வாசித்தாள். நடுவில் அவர் கழுத்து திரும்பப் பார்த்தது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்து அடக்கிக்கொண்டார். பக்கம் முடிந்தது. முகத்தைப் பார்க்காமல் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

"ஒரு வார்த்தை தெரியலப்பா. சும்மா ஏதோ சொல்லிட்டேன்" என்றாள் குட்டி.

டிக்கெட் எடுக்கவில்லை என்று தானாக வந்து சொன்ன ஒரு ஆளை அவர் தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

"எது? கொண்டா, சேர்ந்து பாக்கலாம்" என்றார், திரும்பாமலே.

குட்டி புத்தகத்தோடு ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.