அம்மன் கூழுக்கு விறகு பிளந்த ஞாயிறு

போன ஆடி மாதம், இரண்டாவது ஞாயிறு, காலை ஒன்பதே முக்கால். இடம், இரும்புலியூரில் எங்கள் தெருமுனை அம்மன் கோயில். நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கம்தான் அன்று வினையானது.

அடுத்த ஞாயிறு கூழ் வார்த்தல். போன வருட மழையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் கட்டைகள் கோயிலுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தன. அவற்றைப் பிளக்க ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். கொண்டுவந்தவர் ஒன்றுதான் சொன்னார்: கட்டையை வைப்பவரேதான் கைப்பிடியையும் அழுத்த வேண்டும், மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கோயில் வேலையில் தள்ளி நிற்பதாவது! ஆளுக்கொரு கை வைத்தால்தானே புண்ணியம்? எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கட்டையை வைத்தார். கைப்பிடி என் இடது கையில்; வலது கையில் கட்டைக் கணக்கு எழுதப் பேனா. இன்னும் நான்கு பேர் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள்.

"சார், பாத்து. பேங்க்ல பேனா புடிச்ச கை அது" என்று சீண்டினார் எலக்ட்ரீஷியன்.

"நீங்க கட்டைய ஒழுங்கா வைங்க, போதும்" என்றேன்.

பத்துக் கட்டைகள் நன்றாகவே பிளந்தன. அடுத்தது கோணல் கட்டை. அவர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நோட்டில் 'பதினொன்று' என்று எழுதிக்கொண்டே, அவர் கையைப் பார்க்காமல் அழுத்திவிட்டேன்.

என் மணிக்கட்டில் பளாரென்று ஓர் அடி. "கைய எடுய்யா!"

அடித்தது, தினமும் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. கைப்பிடி விடுபட, கட்டையைப் பிளக்க இறங்கிய இரும்பு ஆப்பு நின்றது. எலக்ட்ரீஷியனின் கையுறை நுனி அதனடியில் நசுங்கியிருந்தது. விரல்கள் நூலிழையில் தப்பியிருந்தன.

"இன்னா சார் இது? மீன ஒருத்தி புடிச்சிகினு இன்னொருத்தி அறுத்தா வெரலு இருக்குமா? எங்கூட்டுக்காரரயே நான் கிட்ட வுடமாட்டேன்!"

மற்ற எல்லோரையும் கோயில் படிக்கு விரட்டிவிட்டு அக்காவும் எங்களோடு உட்கார்ந்தார். மீதிக் கட்டைகளை எலக்ட்ரீஷியன் தனியாகவே, இரண்டு கைகளாலும் நிதானமாகப் பிளந்து முடித்தார். மன்னிப்புக் கேட்க அவரிடம் போனேன்.

"வுடுங்க சார். கூழு ஊத்தறப்ப எனக்கு ரெண்டு வெங்காயம் கூடப் போடுங்க" என்று சிரித்தார்.

அவர் மறந்துவிட்டார். ஆனால் இன்றும் எதிர்வாசலில் இருந்து அவர் கையசைக்கும்போது, பதிலுக்கு என் கையைத் தூக்குவதற்குமுன் அந்த ஐந்து விரல்களையும் என் கண்கள் ஒருமுறை எண்ணிவிடுகின்றன.